அரை நூல் சாய்வு

குமாரபாளையத்தில் நூல் என்றால் இரண்டு. ஒன்று கோனில் வருவது. பாவு ஓட்டி, தறியில் ஏற்றி, லுங்கியாகவும் துண்டாகவும் இறங்குவது. மற்றது ஆசாரியும் கொத்தனாரும் சொல்வது; அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. "அந்த மூலை ரெண்டு நூல் எறங்கியிருக்குதுங்க" என்று ரசமட்டத்தைப் பார்த்தபடி ஆசாரி சொன்னால், வெளியூர்க்காரர்கள் அதைத் தறிப் பேச்சு என்றே எடுத்துக்கொள்வார்கள். என் வீட்டுக் கூடத்தில் நிற்கும் மூன்றடி மீன்தொட்டியைப் பார்க்க எனக்குக் கண் திறந்தது இந்த இரண்டாவது நூலால்தான்.

விளிம்பில்லாத தொட்டி அது. மீன் கடைகளில் ‘ரிம்லெஸ்’ என்பார்கள். அடியில் ஒரு கண்ணாடி, சுற்றிலும் நான்கு, அவற்றைப் பிடித்து நிற்கும் சிலிக்கான். மேலே கறுப்புப் பட்டை கிடையாது, குறுக்கே கண்ணாடித் துண்டு கிடையாது, விளக்குப் பொருத்திய மூடியும் கிடையாது. முதல்முறை பார்க்கிறவர்களுக்கு ஒரு சின்னத் தடுமாற்றம் வரும். தண்ணீர் எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று கண் தேடும். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் கையை நீட்டி மேலாகத் தொட்டுப் பார்த்தார். விரல் நனைந்த பிறகுதான் சிரித்தார்.

நான் சிறுவனாக இருந்தபோது ஈரோட்டுக் கடைகளில் பார்த்த தொட்டிகள் வேறு ஜாதி. ஆங்கிள் இரும்பில் சட்டம் அடித்து, லப்பம் வைத்துக் கண்ணாடி பதித்தவை. மூலைகளில் துரு வழிந்திருக்கும். லண்டன் விலங்குக் காட்சிசாலை 1853இல் திறந்த மீன் மாளிகையிலிருந்து, சென்னை மெரினாவில் 1909இல் வந்த மீன் காட்சியகம் வரை, மனிதர்கள் மீனைப் பார்த்தது சட்டம் போட்ட சன்னல் வழியாகத்தான். 1960களில் சிலிக்கான் பசை வந்தபின் கண்ணாடியைக் கண்ணாடியோடே ஒட்ட முடிந்தது. இரும்பு போயிற்று. ஆனால் பட்டை போகவில்லை. பிளாஸ்டிக்காக மாறி மேலும் கீழும் உட்கார்ந்துகொண்டது. பலத்துக்குப் பாதி, மறைப்புக்குப் பாதி. வெட்டிய கண்ணாடியின் கரடு, ஏறி இறங்கும் நீர்மட்டம், சுண்ணாம்புக் கறை எல்லாவற்றையும் அந்த இரண்டு விரல் அகலப் பட்டை மறைத்துவிடும்.

அதை வேண்டாம் என்று தள்ளியவர்களில் பெரிய பெயர் தகாஷி அமானோ. 1954இல் ஜப்பானின் நீகாட்டாவில் பிறந்தவர். சைக்கிள் பந்தய வீரர், பிறகு காடுகளைப் படமெடுத்த புகைப்படக்காரர். 1982இல் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். நீருக்குள் செடியும் கல்லும் கட்டையும் வைத்து ஒரு நிலக்காட்சியை வளர்ப்பது அவர் கலை. அந்தக் காட்சிக்குச் சட்டம் இடைஞ்சல் என்று புகைப்படக்காரனின் கண் சொல்லியிருக்க வேண்டும். அவர் மறைந்த 2015ஆம் ஆண்டில்தான் லிஸ்பன் கடல்வாழ் காட்சியகத்தில் அவர் அமைத்த 40 மீட்டர் நீளத் தொட்டி திறக்கப்பட்டது. 1,60,000 லிட்டர் தண்ணீர். நம் கூடத்துக்கு அதெல்லாம் வேண்டாம். அவர் நிறுவனத்தின் அளவுகளில் இரண்டை மட்டும் நினைவில் வைத்தால் போதும். 60 சென்டிமீட்டர் நீளம், 36 உயரமுள்ள தொட்டிக்கு 6 மில்லிமீட்டர் கண்ணாடி. 90 நீளம், 45 உயரத்துக்கு 10 மில்லிமீட்டர். நீளம் ஒன்றரை மடங்கு கூடியதற்குக் கனம் ஏன் இப்படித் தாவுகிறது?

காரணம் மேட்டூரில் இருக்கிறது. நம் பத்திரிகைகள் தினமும் போடுவது அணையின் நீர்மட்டத்தைத்தான்: இன்று 98 அடி, நேற்று 97. 1934இல் கட்டி முடித்த அந்தச் சுவர் தாங்குவது தண்ணீரின் ஆழத்தை. பின்னால் ஏரி ஒரு மைல் கிடந்தாலும் முப்பது மைல் கிடந்தாலும் சுவருக்கு ஒன்றுதான். தொட்டியிலும் அப்படியே. 45 சென்டிமீட்டர் ஆழத்தில், அடிமட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 45 கிராம் அழுத்தம், மேலே சுழியம். சராசரி இருபத்திரண்டரை கிராம். முன்பக்கக் கண்ணாடி 90க்கு 45. பெருக்கிப் பார்த்தால் 91 கிலோ. ஒரு கனத்த ஆள் இரவும் பகலும் உள்ளிருந்து அந்தக் கண்ணாடி மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறான். ஆழத்தை இரண்டு மடங்காக்கினால் அந்தத் தள்ளு நான்கு மடங்காகும். அதனால்தான், ஒன்றரை அடி உயரத்துக்கு மேல் விளிம்பில்லாத தொட்டி கேட்கிறவர்களிடம் நான் ஒரு காபி வாங்கிக் கொடுத்துப் பேசுவேன்.

பட்டையோ குறுக்குக் கண்ணாடியோ இருந்தால் அந்த ஆளை மேலிருந்து பிடித்துக்கொள்ளும். விளிம்பு இல்லாதபோது கண்ணாடியின் மேலோரம் சும்மா நிற்கிறது. நீர் நிரம்பியதும் அதன் நடுப்பகுதி மெல்ல வெளியே வளைகிறது. இரும்பு அளவுகோலை நெடுக்குவாட்டில் வைத்தால் அந்த வளைவு தெரியும். தெரிய வேண்டும், ஆனால் அளவுகோலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சம் இழை போலத்தான் தெரிய வேண்டும். கணக்குப் போட்டால் இந்த அளவுக்கு 8 மில்லிமீட்டரே போதும் என்று வரும். நான் 10 போட்டேன். அந்த இரண்டு மில்லிமீட்டருக்குக் கொடுத்த காசு மீனுக்கு ஆகவில்லை, என் தூக்கத்துக்கு ஆயிற்று.

கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு ருசி இருக்கிறது. சாதாரணக் கண்ணாடியை ஓரத்திலிருந்து பாருங்கள், பச்சை. மணலில் உள்ள இரும்புச்சத்தின் நிறம் அது. இரும்பு குறைந்த கண்ணாடியைக் கடையில் ‘எக்ஸ்ட்ரா கிளியர்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். அதன் ஓரம் வெளிறிய நீலம். விலை கூடுதல். முன்பக்கத்துக்கு மட்டும் அதைப் போடுவதும் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு தொட்டியில் இரண்டு பருவம் தெரியும். ஓரத்தை வெட்டியபடி விடாமல் பாலிஷ் போட்டுவிட வேண்டும். விளிம்பில்லாத் தொட்டியில் அந்த ஓரம்தான் நகை. குழந்தைகள் கை வைக்கும் இடமும் அதுவே.

சிலிக்கான் வைக்கும் கையைப் பார்த்துத்தான் நான் தொட்டியை மதிப்பேன். மூலையில் மூக்கை ஒட்டிப் பார்த்தால் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அந்தப் பசை முழுதும் நிரம்பி, குமிழி இல்லாமல், ஒரே கனத்தில் கீழிருந்து மேல்வரை போயிருக்க வேண்டும். குமிழி என்றால் அந்த இடத்தில் ஒட்டவில்லை என்று பொருள். உள்மூலையில் பூசிய பசை அகலமாக, விரல் தடம் தெரிய இருந்தால் அது கண்ணுக்குக் கேடு. ஆனால் ஆளைக் கொல்லாது. உயிரைப் பிடித்திருப்பது கண்ணாடிகளுக்கு நடுவில் இருக்கும் அந்த மெல்லிய தாள்தான். குளியலறைக்கு விற்கும் பூஞ்சைத் தடுப்புச் சிலிக்கான் கூடாது. அதன் மருந்து மீனுக்கு விஷம். காயும்போது வினிகர் வாசம் வருவதை வாங்கலாம். வாசம் போனால் காய்ந்துவிட்டது என்று அவசரப்படுகிறவர்கள் உண்டு. ஒரு வாரம் விட்டுவிடுவதே நல்லது.

இனி ஸ்டாண்டு. விளிம்பில்லாத் தொட்டியின் அழகில் முக்கால் பங்கு யாரும் பார்க்காத இந்தப் பெட்டியில் இருக்கிறது.

கணக்கு இது: 182 லிட்டர் தண்ணீர், 40 கிலோ கண்ணாடி, மண்ணும் கல்லும் ஒரு 30. கால் டன். மூன்றடிக்கு ஒன்றரையடி இடத்தில். வீட்டு அறைகளின் தளத்துக்கு இந்தியத் தர விதி வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. நம் தொட்டி இறக்குவது 600க்கும் மேல். பயப்பட வேண்டாம், அறை முழுதுமா தொட்டி நிற்கப்போகிறது. ஆனால் மாடியில் வைத்தால் அறையின் நடுவில் வைக்கக் கூடாது. கீழே சுவரோ பீமோ ஓடும் ஓரம் பார்த்து வைக்க வேண்டும். பழைய மரக்கட்டை மச்சு வீடு என்றால் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தரைத்தளத்தில் வேறொரு வஞ்சகம் இருக்கிறது. டைல்ஸை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கலவை நிரம்பாத இடம் ‘டொக்’ என்று பொள்ளலாகக் கேட்கும். ஸ்டாண்டின் கால் அந்தப் பொள்ளல் மேல் வரக் கூடாது.

என் முதல் தொட்டி இரண்டடி. டி.வி. வைத்திருந்த மரத்தூள் பலகை மேசையில் ஏற்றினேன். பார்க்கத் தேக்கு மாதிரியே இருக்கும். தண்ணீர் மாற்றும்போது சிந்திய சொட்டுகள் ஒட்டுத்தாளின் இடுக்கில் இறங்கி, பலகை இட்லி மாவு போல ஒரு பக்கம் உப்பிற்று. நான் கவனிக்கவில்லை. ஒரு கார்த்திகை மாத இரவில் பக்கத்து மூலை பிரிந்து, காலையில் எழுந்தபோது கூடத்தில் தண்ணீர், சோபாவுக்கு அடியில் மீன்கள். தொட்டி செய்தவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. கண்ணாடி அந்த அளவுக்கு வளையாது, கீழே இருந்த பலகை முறுக்கியது, பசை பாவம் என்ன செய்யும்.

பெர்லினில் 2022 டிசம்பர் 16 அதிகாலையில் ஒரு ஹோட்டலின் நடுக்கூடத்தில் நின்ற பத்து லட்சம் லிட்டர் உருளைத் தொட்டி வெடித்துச் சிதறியதைச் செய்தியில் பார்த்தபோது வீட்டில் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அது அக்ரிலிக், நம்முடையது கண்ணாடி என்று விளக்கினேன். யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது தொட்டிக்கு ஆசாரியை வரவழைத்தேன். ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளை, 18 மில்லிமீட்டர். அவர் முதலில் கேட்டது: "ஏனுங்கண்ணா, வெயிட்டு ஸ்க்ரூவு மேல வரணுமா, பலகை மேல வரணுமா?" அந்த ஒரு கேள்விக்காகவே அவருக்குக் கூலி கொடுக்கலாம். மேல்பலகை பக்கப் பலகைகளின் தலையில் உட்கார வேண்டும். பக்கப் பலகை நேராகத் தரைக்கு இறங்க வேண்டும். எடை மரத்தின் மேல் மரமாகப் போய்ச் சேரும். ஸ்க்ரூ பிரியாமல் பிடிக்க மட்டும்தான். பக்கப் பலகைகளுக்கு நடுவில் மேல்பலகையைச் செருகி ஸ்க்ரூ அடித்தால் கால் டன்னும் நாலு ஸ்க்ரூவில் தொங்கும். பல கடை ஸ்டாண்டுகள் அப்படித்தான் இருக்கின்றன. கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்தால் தெரியும். நடுவில் ஒரு செங்குத்துப் பலகை, முதுகில் முழுப் பலகை. முதுகுப் பலகை இல்லாத பெட்டி பக்கவாட்டில் ஆடும். சதுரம் சாய்ந்து சாய்சதுரமாகும்.

ஸ்டாண்டின் நீள அகலம் தொட்டிக்குச் சரியாக, ஒரு நூல்கூடக் கூடாமல் இருக்கட்டும் என்றேன். கண்ணாடியின் முகமும் பலகையின் முகமும் ஒரே கோட்டில் இறங்குவதுதான் இந்தக் கலையின் மரியாதை. கொஞ்சம் நீட்டிக்கொண்டு, ஓரத்தில் பீடிங் அடித்து, பூ வேலை செய்த ஸ்டாண்டு விளிம்பைக் கீழே கொண்டுவந்து ஒட்டியது போல ஆகிவிடும்.

பிறகு மட்டம். ரசமட்டத்தை நீளவாக்கில் வைத்தார், அகலவாக்கில் வைத்தார், மூலைக்கு மூலை குறுக்கே வைத்தார். அதற்கும் மேல் ஒன்று செய்தார். தறிப்பட்டறையிலிருந்து கொஞ்சம் பாவு நூல் கேட்டு வாங்கி, மேல்பலகையின் எதிரெதிர் மூலைகளுக்கு இழுத்துப் பெருக்கல் குறி போலக் கட்டினார். நான்கு மூலையிலும் ஒரே கனத்தில் சின்னக் கட்டை. இரண்டு இழைகளும் நடுவில் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கடந்தால் பலகை முறுக்கில்லை. ஓர் இழை மற்றதை அழுத்தினாலோ, நடுவே இடைவெளி விழுந்தாலோ, ஒரு மூலை தூக்கியிருக்கிறது. எங்கள் ஊர் நூல் அவருடைய நூலை அளந்த அந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சாய்வைவிட முறுக்கு பொல்லாதது. தொட்டி முழுதும் ஒரு பக்கமாக ஒரு நூல் சாய்ந்திருந்தால் கண்தான் உறுத்தும். மூன்று மூலை உட்கார்ந்து நான்காவது அந்தரத்தில் நின்றால் கண்ணாடி பிளக்கும்.

சரிசெய்யச் சில்லு வைப்பதானால் ஸ்டாண்டுக்கும் தரைக்கும் நடுவில். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒருபோதும் வைக்கக் கூடாது. அங்கே வைக்க வேண்டியது ஐந்தாறு மில்லிமீட்டர் கனமுள்ள ஃபோம் பாய். யோகா பாயை வெட்டினாலும் ஆகும். கண்ணாடிக்கு அடியில் அகப்பட்ட ஒரு மணல் பருக்கை போதும், மொத்த எடையும் அந்தப் புள்ளியில் குவிந்து கீறல் விழ. பாய் அதை விழுங்கிக்கொள்ளும். பலகையின் மேடுபள்ளத்தை ஓரளவு நிரவும், முறுக்கை நிரவாது. கீழே பிளாஸ்டிக் சட்டம் உள்ள பழைய வகைத் தொட்டிக்கு இந்தப் பாய் வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதில் அடிக்கண்ணாடி சட்டத்துக்குள் தூக்கலாக நிற்கும். பாய் அதைக் கீழிருந்து குத்தும். தொட்டிக்குச் சரியாக வெட்டிய கறுப்புப் பாய், தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணாடிக்கு மை தீட்டியது போல ஒரு கோடு. எனக்கு அந்தக் கோடு பிடிக்கும்.

உள்ளே என்ன வைத்தேன் என்பது வேறு கட்டுரைக்கான விஷயம். இரண்டு சொல்கிறேன். கல் பொறுக்க சங்ககிரிப் பக்கம் போகாதீர்கள். சிமெண்டுக்குப் பேர்போன சுண்ணாம்புக்கல் பூமி அது. வெண்கல்லில் வினிகர் சொட்டு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் தொட்டித் தண்ணீரைக் கடினமாக்கும். செடிக்கு வெளிநாட்டுப் பட்டியல் புரட்ட வேண்டியதில்லை. வயல் வரப்பில் படரும் ஆரைக்கீரையின் சொந்தக்காரச் செடிகள்தான் உலகமெங்கும் தொட்டியின் முன்தரையில் பச்சைப் பாயாக விரிகின்றன. நீர்ப்பிரம்மி மீன் கடைகளில் பக்கோபா என்ற பெயரில் காசுக்கு விற்கிறது. என் தொட்டியில் மணலைக் கிளறிக்கொண்டு அயிரைகள் திரிகின்றன. "இத்தன செலவு பண்ணி அயிர மீனாங்க? கொழம்பு வெச்சிருந்தா ஊரே சாப்டிருக்கும்" என்று ஒரு பெரியப்பா வருத்தப்பட்டார். கலர் மீன் வாங்கச் சென்னைக் கொளத்தூருக்கு ஆள் அனுப்புகிறவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். நம் மேட்டூர்ப் பக்கத்துக் கொளத்தூர் என்று நினைத்துப் பஸ் ஏறிவிடாதீர்கள். மூடியில்லாத் தொட்டிக்கு எகிறும் மீன் ஆகாது. நீர்மட்டத்தை விளிம்பிலிருந்து நான்கு நூல் கீழே நிறுத்தியிருக்கிறேன்.

அந்த நான்கு நூல்தான் இந்தக் கலையின் மேடை. கண்ணாடியை ஒட்டித் தண்ணீர் கொஞ்சம் மேலேறி வெள்ளிக் கம்பி போல மின்னும். தரையில் உட்கார்ந்து கீழிருந்து பார்த்தால் நீர்ப்பரப்பின் அடிப்புறம் கண்ணாடியாகிவிடும். அயிரை மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டாக நீந்தும். பட்டை இருந்த தொட்டிகளில் இதெல்லாம் ஒளிந்துகிடந்தது. மறைக்க ஒன்றுமில்லாததால் உழைப்பும் உண்டு. சித்திரை வெயிலில் இரண்டு நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் ஆவியாகும். போர்த் தண்ணீரை ஊற்றி ஈடுகட்டினால் உப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போய்க் கண்ணாடியில் வெள்ளை வரி விழும். அதனால் ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர். பாதி மாற்றும் நாளில் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர், குளோரின் போக ஒரு நாள் வாளியில் வைத்தபின். வயர்கள் ஒவ்வொன்றும் பிளக்குக்கு ஏறும் முன் கீழே ஒரு தொங்கல் விட்டு ஏற வேண்டும். வழியும் சொட்டு அந்தத் தொங்கலில் இருந்து தரையில் விழட்டும், பிளக்கில் விழ வேண்டாம். மின்கசிவு கண்டால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் தண்ணீரில் கைவிடும் முன் சுவிட்சை அணையுங்கள்.

எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளித் தறிப்பட்டறை. ஓட்டம் தொடங்கினால் நாடாவின் ஒவ்வொரு அடியும் தரை வழியாக வந்து தொட்டியில் சேரும். நீர்ப்பரப்பு முழுவதும் நெருக்கமான வளையங்கள், நாள் முழுக்க. ஆரம்பத்தில் பயந்தேன். சிலிக்கான் இழுபடும் பொருள்; இந்த அதிர்வை அது சட்டை செய்யாது. ஆனால் ஸ்டாண்டுக்கு அடியில் வைத்த சில்லு மெல்ல மெல்ல நகரலாம் என்று ஆசாரி சொன்னார். வளையம் ஓடும் தண்ணீரில் மட்டத்தை எப்படிப் பார்ப்பது?

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குக் கரண்டு போகும் நாளுக்குக் காத்திருப்பேன். முதலில் தறிகள் நிற்கும். ஃபில்டரும் நிற்கும், அயிரைகளுக்குப் பேட்டரி ஏர் பம்ப் வைக்கும் முன் எனக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும். வளையங்கள் ஒவ்வொன்றாக ஓரத்தில் போய் அடங்கும். தெருவில் யாரோ சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் தனியாகக் கேட்கும். இரும்பு அளவுகோலை எடுத்துக்கொண்டு நான்கு மூலைக்கும் போவேன். உள்பக்கத்து இரண்டு மூலையில் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே நான்கு நூல். வாசல் பக்கத்து இரண்டு மூலையிலும் மூன்றரை. ஆறு வருடமாக மூன்றரைதான்.